நங்கநல்லூரில் தியான மையம்: தெருக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் தெருக்கோடியில் ரொம்ப வருஷமாகச் சும்மா கிடந்த இரண்டு கிரவுண்டு மனையை ஒரு தியானக் குழுவின் அறக்கட்டளை வாங்கியிருக்கிறது. தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி, ஒரே நேரத்தில் 300 பேர் உட்காரும் ஹால், காலை 5 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கூட்டுத் தியானம், ஞாயிறு காலையில் சத்சங்கம் என்று அவர்களே துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தெருவில் இதே பேச்சுதான். நலச்சங்கக் கூட்டத்தில் வந்த கேள்விகளையும், பால் வாங்கப் போகும்போது என்னை நிறுத்திக் கேட்டவற்றையும் தொகுத்துப் பதில் எழுதச் சொல்லி சங்கம் என்னிடம் கொடுத்தது. சங்கத்தின் முடிவு எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

சங்கம் எதிர்ப்பது தியானத்தையா, கட்டடத்தையா?

கட்டடத்தை. அதுவும் இந்த அளவில், 30 அடி ரோட்டில். சங்கத்தின் தீர்மானத்தில் அந்தக் குழுவின் கொள்கை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அவர்கள் யாரைக் குருவாக நினைக்கிறார்கள், கண்ணை மூடி எதை நினைக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் விஷயம். வண்டி, நேரம், சத்தம், கழிவுநீர், கட்டட அனுமதி இந்த ஐந்தும்தான் நம் விஷயம். இதை விட்டு வெளியே போனால் நம் மனுவை எந்த அதிகாரியும் படிக்க மாட்டார். படிக்கவும் கூடாது என்பது என் கருத்து.

தியானம் என்றாலே அமைதிதானே, யாருக்கு என்ன தொந்தரவு?

நேரில் பார்க்காமல் பேசக் கூடாது என்று, அவர்கள் இப்போது வாடகைக்கு எடுத்திருக்கும் மாடி ஹாலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். படிக்கட்டில் செருப்புகளை ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கியிருந்தார்கள். தரை முழுக்க ஜமுக்காளம், பின்வரிசையில் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. ஃபேன் சத்தத்தைத் தவிர உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு பேர் ஒரு அறையில் அப்படி அசையாமல் இருந்ததைப் பார்த்ததில் எனக்கு மரியாதைதான் வந்தது.

முடிந்ததும் கீழே வந்து நின்றேன். தெருவில் நடந்தது வேறு. எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்கினார்கள். நூறு டூ-வீலரை ஒருவர் பின் ஒருவராக ஸ்டாண்டு தட்டி எடுக்க வேண்டும். முதலில் வந்த கார்கள் உள்ளே மாட்டிக்கொண்டதால் கடைசியில் வந்த காரின் சொந்தக்காரரைத் தேடினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் லாரி ஒன்று வந்து அதுவும் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டைத் திறந்துவிட்டு, "சார், இந்த வண்டி யாருது, கொஞ்சம் எடுங்க சார்" என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தொண்டர்கள் நாலு பேர் விசில் வைத்துக்கொண்டு ஓடி ஓடி ஒழுங்குபடுத்தினார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இடம் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்தால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. அதற்கு முன்னால் கால் மணி, பின்னால் அரை மணி, அதில்தான் எல்லாத் தொந்தரவும்.

நங்கநல்லூரே கோயில் ஊர். ஆஞ்சநேயர் கோயிலுக்கு வராத கூட்டமா? அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

நியாயமான கேள்வி. கூட்டத்திலும் இதைக் கேட்டவர்கள் நிறைய. முதலில் நடைமுறை வித்தியாசம் ஒன்று. கோயிலுக்கு வருகிறவர்கள் நாள் பூராவும் வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், கால் மணியில் கிளம்புகிறார்கள். சனிக்கிழமை, அனுமன் ஜெயந்தி தவிர கூட்டம் தானாகப் பரவிவிடும். இங்கே 300 பேரும் ஒரே நிமிஷத்தில் உள்ளே போய் ஒரே நிமிஷத்தில் வெளியே வருவார்கள். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. தலைகள் அதே எண்ணிக்கைதான் என்றாலும் தெருவுக்குச் சுமை வேறு.

ஆனால் இந்தப் பதிலோடு நான் நின்றுவிட மாட்டேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருமுனையில் கட்டும் ஸ்பீக்கர், விநாயகர் சதுர்த்திப் பந்தல், அரசியல் கட்சிக் கூட்டம், வீட்டு விசேஷத்துக்கு ரோட்டை அடைத்துப் போடும் ஷாமியானா எல்லாவற்றையும் நாம் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். சிலவற்றை நாமே செய்கிறோம். புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் டெசிபல் கணக்குக் கேட்டால் அது நியாயம் இல்லை. அவர்களுக்கு எழுதும் நிபந்தனை எதுவாக இருந்தாலும், அதையே நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கும் பொருத்த வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. தீர்மானத்தில் ஏறியிருக்கிறது.

300 பேர் என்பது அப்படியென்ன பெரிய கூட்டம்? கல்யாண மண்டபத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்களே?

மண்டபங்கள் பெரும்பாலும் மெயின் ரோட்டில் இருக்கின்றன. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் நிற்க சுமார் 5 மீட்டர் நீளம் வேண்டும். 300 பேரில் 40 கார் மட்டும் வந்தால்கூட வரிசையாக 200 மீட்டர். நம் தெருவின் மொத்த நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் வீட்டு கேட்டுகள், மின்வாரியப் பெட்டிகள், ட்ரான்ஸ்ஃபார்மர், வாசல் சாய்தளங்கள் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். 30 அடி என்பது 9 மீட்டர். இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது 5 மீட்டர். எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் முடிந்தது கதை.

எங்கள் தெருவில் வயதானவர்கள் அதிகம். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, தனியாக இருக்கும் தம்பதிகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 108 வண்டி உள்ளே வந்து திரும்பி வெளியே போக முடியுமா என்பது அவர்களுக்கு வசதிப் பிரச்சினை கிடையாது, உயிர்ப் பிரச்சினை. சங்கத்தின் மனுவில் முதல் பத்தியாக இதைத்தான் வைத்திருக்கிறோம்.

அந்த மனையில் இப்படி ஒரு ஹால் கட்டச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

இதற்கு விடை நிலப் பயன்பாட்டில் இருக்கிறது. சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அது ஆதாரக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா, நிறுவனமா என்று வகை குறித்திருக்கிறார்கள். கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்திலேயே பார்க்கலாம். எந்த வகையில் என்ன கட்டலாம், ரோடு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எத்தனை வண்டிக்கு உள்ளேயே இடம் விட வேண்டும் என்பதெல்லாம் 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு அளவு, மக்கள் கூடும் ஹாலுக்கு வேறு அளவு.

மனை குடியிருப்பு வகையில் இருந்து, இவர்கள் கேட்பது வேறு வகையாக இருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விண்ணப்பித்தால் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அதில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இந்த மாதிரி அறிவிப்பு வரும்போது பேப்பரை யாரும் கவனிப்பதில்லை, பிறகு "எங்களைக் கேட்கவே இல்லை" என்று சொல்வதில் பலன் இல்லை. அதனால் தினமும் அறிவிப்புப் பக்கம் பார்க்கும் வேலையைச் சங்கத்தில் ஒருவர் ஏற்றிருக்கிறார்.

இன்னொன்று. சிலர் இது பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் என்கிறார்கள். பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது அதைத்தான். அப்படிப்பட்ட இடமாக இருந்திருந்தால் யார் எதைக் கட்டினாலும் எதிர்த்திருப்போம், கோயிலாக இருந்தாலும் சரி. ஆனால் லே-அவுட் வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். இது தனியார் மனைதான். தயவுசெய்து அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

வீடு என்று பிளான் வாங்கிவிட்டு ஹாலாகக் கட்டினால்?

எனக்கு இருக்கும் உண்மையான கவலை இதுதான். இந்தக் குழு அப்படிச் செய்யும் என்று சொல்லவில்லை. ஊரில் பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. பெரிய கட்டடங்களுக்குப் பணி முடிப்புச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் கழிவுநீர் இணைப்பும் கிடைக்காது. சின்ன வீடுகளுக்கு இந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அதனால் வீடு என்று பிளான் போடும் ஆசை வருகிறது.

அனுமதி வாங்கிய வரைபடம் ஒன்று, கட்டியது ஒன்று என்று இருந்தால் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் கொடுக்கவும், வேலையை நிறுத்தவும், பூட்டி சீல் வைக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் கூரை போட்டு முடித்த பிறகு புகார் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. அஸ்திவாரம் தோண்டும்போதே வரைபடத்தின் நகல் நம் கையில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் "மையம் வரலாமா?" என்று அபிப்பிராயம் கேட்காதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இந்தச் சர்வே எண்ணில் திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதா, என்ன பயன்பாட்டுக்கு, வரைபடத்தின் நகல் கொடுங்கள்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

அதைவிட எளிய வழி, அறக்கட்டளையிடமே வரைபடத்தைக் கேட்பது. கேட்டிருக்கிறோம். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கலெக்டர் அனுமதி வேண்டும் என்கிறார்களே?

பொது வழிபாட்டுக்கோ மதக் காரியத்துக்கோ கட்டடம் கட்டுவதாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது. பொது அமைதி கெடும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். தியானக் கூடம் இதற்குள் வருமா என்பதுதான் கேள்வி.

இதில் நீதிமன்றங்கள் எல்லாக் குழுக்களையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அரவிந்தரின் கொள்கையில் உருவான ஆரோவில் நகரின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்ட 1980-ஆம் வருஷச் சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்கில், அரவிந்தரின் போதனை ஒரு தத்துவம், மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 1982-இல் சொன்னார்கள். ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக இயக்கத்தை அதே நீதிமன்றம் 1983-இல் மத உட்பிரிவு என்று ஏற்றுக்கொண்டது. ஆக, தியானம் என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. உள்ளே என்ன நடக்கிறது, அந்தக் குழு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இவர்கள் தங்களை எந்த மதமும் இல்லை என்கிறார்கள். சிலை இல்லை, ஆரத்தி இல்லை. முன்னால் ஒரு குருவின் படமும் விளக்கும் இருந்தன, அவ்வளவுதான். கலெக்டர் அனுமதி என்ற வாதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. எனக்கும் அதே எண்ணம். அந்த விதியைக் காட்டி "இவர்கள் வந்தால் கலவரம் வரும்" என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். கலவரம் செய்ய இந்தத் தெருவில் யாரும் இல்லை. இல்லாத ஒன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

காலை 5 மணி நிகழ்ச்சியைப் பற்றி என்ன சொல்கிறோம்?

2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அந்த இரவு நேரத்தில் ஒலிபெருக்கி கூடாது. நாலு சுவருக்குள் உள்ளேயே கேட்கும்படி வைத்துக்கொள்ள மட்டும் விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் அவசரம் தவிர ஹாரன் அடிப்பதும் கூடாது. பலருக்கு இது தெரியாது.

5 மணிக்குத் தியானம் என்றால் நாலரைக்கே வண்டிகள் வரத் தொடங்கும். ஹாரன் அடிக்காவிட்டாலும் கார் கதவு சாத்துகிற சத்தம், "வாங்கண்ணா, எப்படி இருக்கீங்க" என்கிற குசலம், அதைக் கேட்டுக் குரைக்கும் தெரு நாய்கள். முதல் மாடியில் ஜன்னல் திறந்து தூங்குகிறவர்களுக்கு அன்றைய தூக்கம் அவ்வளவுதான். ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்து படுக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அதனால் கூட்டுத் தியானத்தை 6 மணிக்கு மேல் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பிரம்ம முகூர்த்தம் முக்கியம் என்றார் அவர்களில் ஒருவர். அது உண்மையாகவே அவர்களுக்கு முக்கியம் என்பது புரிகிறது. அந்த நேரத்துக்கு நடந்து வரக்கூடிய உள்ளூர்க்காரர்கள் மட்டும் வரலாமே என்று பதிலுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மத சுதந்திரம் என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனால் நாம் தோற்றுவிடுவோமா?

நம் ஊரிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம், அருகிலிருந்த ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கியையும் டிரம்ஸ், கிட்டார் சத்தத்தையும் எதிர்த்து வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பிறரின் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் உரிமையும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டதுதான்.

இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அங்கே தேவாலயத்தை மூடச் சொல்லவில்லை. பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஸ்பீக்கரைக் குறைக்கச் சொன்னார்கள், கூடவே ரோட்டில் சத்தம் போடும் வண்டிகள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்கள். நமக்கும் அதுதான் வழி. "வராதே" என்றால் கோர்ட்டில் நிற்காது. "இப்படி வா" என்றால் நிற்கும்.

இவர்கள் ஆட்களை மூளைச்சலவை செய்வார்கள், பெண் பிள்ளைகளை இழுத்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அந்தச் செய்தியை நானும் படித்தேன். யார் எழுதியது, எந்த ஊரில், எந்தப் பெண்ணுக்கு நடந்தது என்று ஒன்றும் இல்லை. அதை அனுப்பியவரிடம் கேட்டேன், அவருக்கும் யாரோ அனுப்பியதாம். இதைப் பரப்பாதீர்கள். குறிப்பிட்ட குற்றம் ஏதாவது உங்களுக்குத் தெரியும் என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள், சங்கம் கூட வரும். தெரியாது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை.

சென்னைக்கு இந்த மாதிரி இடங்கள் புதிதும் இல்லை. அடையாறில் பிரம்மஞான சபை 1882-இலிருந்து இருக்கிறது. இப்போது மயிலாப்பூரில் இருக்கும் ராமகிருஷ்ண மடம் சென்னைக்கு 1897-இல் வந்தது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். மனவளக்கலை மன்றம் இல்லாத பேட்டையே இன்று இல்லை. இவற்றுக்குப் போய் வந்த லட்சக்கணக்கானவர்கள் மறுநாள் காலையில் நம்மைப் போலவே பஸ் பிடித்து வேலைக்குப் போனவர்கள்.

வெளிநாட்டுப் பணம்? மனை விலை குறையுமா?

வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கு 2010-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, மத்திய உள்துறை பார்க்கிறது. நம் வேலை இல்லை. மனை விலை பற்றி இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், யாரிடமும் ஆதாரம் இல்லை. மனுவில் சேர்க்கவில்லை.

தண்ணீர், சாக்கடை?

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நங்கநல்லூரைச் சேர்த்த ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 1990-களின் கடைசியில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களே முன்பணம் கட்டினார்கள். நாடே பேசிய திட்டம் அது. தெருத் தெருவாகச் சங்கக்காரர்கள் போய் வசூலுக்குப் பேசினார்கள். அந்தக் குழாய் போட்டபோது இந்தத் தெருவில் தனி வீடுகள்தான் இருந்தன. 2011-இல் நாம் மாநகராட்சியோடு சேர்ந்தோம், தனி வீடுகள் எல்லாம் இப்போது ஃபிளாட்டுகள். மழை நாளில் மேன்ஹோல் மூடி வழியாக எது மேலே வருகிறது என்று கீழ்வீட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். 300 பேர் ஒரே நேரத்தில் கழிப்பறை பயன்படுத்தும் கட்டடம் வந்தால் இணைப்பு எங்கே கொடுப்பது, குழாய் தாங்குமா என்று குடிநீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் மெட்ரோ வாட்டர் வாரியம் எழுத்தில் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் அன்னதானம் நடக்கும் என்கிறார்கள், அந்தச் சமையலறைக் கழிவையும் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்.

நம் தெருவிலேயே அந்தக் குழுவில் இருப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

எப்போதும் போல. மூன்றாவது வீட்டு மாமி ரொம்ப நாளாக அங்கே போகிறவர். மாமா போன பிறகு ஒரு வருஷம் அவர் வாசலுக்கே வரவில்லை. கோலத்தைக்கூட வேலைக்காரப் பெண்தான் போட்டாள். அப்புறம் யாரோ அழைத்துப் போக, மெல்ல மெல்ல ஆள் மாறினார். இப்போது அவரே கோலம் போடுகிறார், போகிற வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசுகிறார். சங்கத்தின் மனுவைக் காட்டியபோது முழுசும் படித்துவிட்டு, "வண்டி விஷயம் வாஸ்தவம்தாம்ப்பா. ஆனா எங்களை வேண்டாதவங்கன்னு மட்டும் எழுதிடாதீங்கோ" என்றார். மனுவில் இரண்டு வாக்கியத்தை அதற்குப் பிறகு எடுத்தோம்.

அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்கள் காசு செலவில்லாமல், ஜாதகம் கேட்காமல், ஜாதி கேட்காமல் போய் உட்கார இடங்கள் குறைவு. பூங்காவில் பெஞ்சு இருக்கிறது, மழை வந்தால் அதுவும் இல்லை. அப்படி ஒரு இடம் நடக்கிற தூரத்தில் வருவது அவர்களுக்குப் பெரிய விஷயம். சின்ன மையம் ஒன்று வந்தால் நான் வரவேற்பேன். இது என் சொந்தக் கருத்து, சங்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை.

என்ன செய்தால் சங்கம் சம்மதிக்கும்?

ஹாலின் அளவை 300-லிருந்து 100-க்குள் கொண்டுவர வேண்டும். பெரிய சத்சங்கத்துக்கு மெயின் ரோட்டில் மண்டபம் பிடித்துக்கொள்ளட்டும். தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்த விட வேண்டும், பிறகு அதை அலுவலகமாகவோ புத்தகக் கடையாகவோ மாற்றக் கூடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பழவந்தாங்கல் ஸ்டேஷனிலோ நங்கநல்லூர் ரோடு மெட்ரோவிலோ இறங்கி ஷேர் ஆட்டோவில் வரும்படி அவர்களே சொல்ல வேண்டும். 6 மணிக்கு முன்னால் வாகனக் கூட்டம் கூடாது. மனையின் ஓரத்தில் இருக்கும் இரண்டு வேப்ப மரங்களையும் விட்டுக் கட்ட வேண்டும்.

இவற்றில் மரமும் ஷேர் ஆட்டோவும் பற்றிப் பேசி முடித்தாயிற்று. அளவு பற்றித்தான் இழுபறி. அவர்கள் 200 வரை இறங்கி வந்திருக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டு மீறினால்?

சங்கத்துக்கும் அறக்கட்டளைக்கும் நடுவில் ஒரு கடிதம் மட்டும் இருந்தால் அதற்கு மதிப்புக் குறைவு. இன்றைக்குப் பேசும் நிர்வாகி நல்லவர், நாளைக்கு வேறொருவர் வருவார். அதனால் நாம் ஒப்புக்கொள்ளும் விஷயங்களைத் திட்ட அனுமதிக்கான விண்ணப்பத்திலேயே அவர்கள் காட்ட வேண்டும், அனுமதி உத்தரவில் நிபந்தனையாகச் சேர்க்கும்படி இரண்டு தரப்பும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. வரைபடத்தில் ஹால் 100 பேருக்கான அளவில் இருந்தால் அங்கே 300 பேர் உட்கார முடியாது. சுவர்தான் நல்ல சாட்சி.

அப்புறம், இரண்டு தரப்பிலும் இரண்டிரண்டு பேர் மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேசுவது. பகுதி சபைக் கூட்டத்திலும் கவுன்சிலர் முன்னால் இதைப் பதிவு செய்யலாம்.

இப்போதே கேஸ் போடலாமே?

வக்கீலிடம் கேட்டோம். அனுமதியே வழங்காத நிலையில் ரிட் மனு போட்டால் காலத்துக்கு முந்தியது என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். முதலில் சி.எம்.டி.ஏ., ஆலந்தூர் மண்டல அலுவலகம் இரண்டுக்கும் ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். பதில் இல்லை என்றால் அதைப் பரிசீலிக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அவர்கள் சிவில் கோர்ட்டுக்குப் போய் நம் மீது தடை வாங்கிவிடுவார்கள் என்று பயம் இருந்தால் எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லும் கேவியட் மனு போட்டு வைக்கலாம், 90 நாள் செல்லும். செலவு சங்கத்தின் நிதியிலிருந்து போகும் என்பதால் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும்.

மனை வாசலில் உட்கார்ந்து மறியல் செய்தால் என்ன? போஸ்டர் ஒட்டினால்?

கூடாது. தியானத்துக்கு வருகிறவர்களை போட்டோ எடுப்பதும், வண்டியில் காற்றைப் பிடுங்கிவிடுவதும் கூடாது. பின்னது ஏற்கெனவே ஒரு முறை நடந்துவிட்டது. யார் என்று தெரியவில்லை. அந்த வண்டிக்குச் சொந்தக்காரர், பல்லாவரத்திலிருந்து வந்த ஒரு டீச்சர், வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு 4-வது மெயின் ரோடு வரை போனார். சங்கத் தலைவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். இனி யார் செய்தாலும் சங்கம் அவர் பக்கம் நிற்காது.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கையெழுத்துப் போடலாமா?

தாராளமாக. தெருவில் குடியிருக்கும் 18 வயது ஆன யாரும் போடலாம். பெயர், கதவு எண், எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று எழுதினால் போதும். வீட்டுக்காரர் ஒன்று நினைத்து நீங்கள் ஒன்று நினைத்தால் உங்கள் கருத்தையே எழுதுங்கள். முனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர், பூக்காரம்மா, இரண்டு வாட்ச்மேன்கள் இவர்களிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறேன், காலை நாலரைக்குத் தெருவில் இருப்பவர்கள் அவர்கள்தான். மையம் வரட்டும் என்று நினைப்பவர்களும் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள், அதையும் மனுவோடு இணைத்தே அனுப்புவோம். தாள்கள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. மாலை 6 முதல் 8 வரை திறந்திருக்கும்.